தராசு காட்டுறது ஒன்று, செக்ரோலில் விழுறது ஒன்று: ரேம் பெட்டி மேல இருக்கும் எண்ணைப் பற்றி

கொழுந்து நிறுவையைப் பற்றி நம்ம தோட்டங்களில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தராசில் 20 கிலோ காட்டும். சாக்குக்கு ஒன்று போகும், ஈரத்துக்கு ஒன்று போகும், "முத்தல் இலை கெடக்கு" என்று இன்னொன்று போகும். செக்ரோலில் விழும்போது 17. ஒரு கிலோ குறைஞ்சதுக்கு அரைப்பேர். இந்தக் கணக்கைச் சின்ன வயசிலிருந்தே பார்த்து வளர்ந்த நாங்கள், ரேம் பெட்டியில் "3600" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தா மட்டும் வாய் பேசாம காசை நீட்டுறோம். ஏன் என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

தெரணியகலைப் பக்கம் நம்ம ஆட்கள் கையில் இருக்கிற மெஷின்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரியும். பாதிக்குமேல் எங்கோ ஒபிஸில் ஓடி முடிஞ்சு, செகண்ட் ஹேண்டாக வந்த பெட்டிகள். கொஞ்சம் காசு சேர்த்தவர்கள் கிராபிக்ஸ் கார்ட் வாங்க முடியாமல், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற ரைசன் 3200ஜி, 5600ஜி மாதிரியான சிப்பில் கட்டுகிறார்கள். அதற்கு மேலே ஏதாவது கேம் சீரா ஓடணும் என்றால் அடுத்து தேடுவது ரேம். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். கடையில், "மல்லி, இது 3200, இது 3600, இதுதான் ஸ்பீட்" என்பார்கள். யூடியூப்பில் சென்னையிலிருந்து ஒரு அண்ணன் இந்திய ரூபாயில் விலை சொல்லி, நம்ம ஊரில் கிடைக்காத போர்டில் போட்டுக் காட்டுவார். வட்ஸ்அப் குரூப்பில் ஒரே கேள்விதான்: "எத்தனை மெகாஹெர்ட்ஸ் மச்சான்?" அந்த ஸ்டிக்குக்கு வீட்டில் ஒருத்தர் எத்தனை நாள் பேர் போடணும் என்று யாரும் கேட்பதில்லை. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று முடிவானது. இப்போ வீட்டுக்கு வரும் நாட்சம்பளத்தைக் கொண்டு வகுத்துப் பார்த்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

முதல் பொய் அந்த "மெகாஹெர்ட்ஸ்" என்ற சொல்லிலேயே இருக்கு. 3200 என்று எழுதியிருக்கும் ரேமின் கடிகாரம் அடிப்பது 1600 மெகாஹெர்ட்ஸில். ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு தடவை டேட்டா கைமாறுவதால் 3200 என்று எழுதுகிறார்கள். ஒரு செக்கனுக்கு இத்தனை மில்லியன் கைமாற்றம் என்பதுதான் அதன் அர்த்தம். டி.டி.ஆர். என்ற பெயரே அதைத்தான் சொல்லுது. சரி, இது சின்னப் பொய், விட்டுவிடலாம்.

பெரிய பொய் வேறு. பெட்டியில் இருக்கும் எண் அந்த ரேம் தானாக ஓடும் வேகம் கிடையாது. மெமரிக்கு அளவுகோல் வைக்கிற ஜெடெக் என்ற அமைப்பின் கணக்கில் ஒரு ஸ்டிக் 2133இலோ 2400இலோ 2666இலோ எழுந்திருக்கும். 3600 என்பது அதே ஸ்டிக்குக்குள் எழுதிவைத்திருக்கும் ஓவர்க்ளொக் கணக்கு. இன்டெல்காரர்கள் அதற்கு எக்ஸ்.எம்.பி. என்று பெயர் வைத்தார்கள். டி.டி.ஆர்.5 காலத்தில் ஏ.எம்.டி. எக்ஸ்போ என்று தன் பங்குக்கு ஒன்று கொண்டுவந்தது. நீங்க பயோஸுக்குள் போய் அதை ஒன் பண்ணினால்தான், உங்க சிப்பும் போர்டும் இடம் கொடுத்தால்தான், அந்த எண் வரும்.

ஐ5-8400 சிப்பையும் பி360 போர்டையும் எடுத்துக்கொள்ளுங்க. 2018 காலத்துச் செட், செகண்ட் ஹேண்டில் வரிசையா வருது. அந்தத் தலைமுறையில் இஸட் என்று தொடங்கும் சிப்செட் உள்ள போர்டில் மட்டும்தான் மெமரியைக் குறித்த எல்லைக்கு மேலே ஏற்ற இன்டெல் அனுமதித்தது. 8400க்கு எல்லை 2666. அதில் 3600 கிட்டைச் சொருகினாலும் 2666க்கு மேல் ஒரு அடி போகாது. ஸ்டிக்குக்குள் 2666க்கான கணக்கு எழுதியில்லை என்றால் 2400க்கோ 2133க்கோ இறங்கிப் படுத்துக்கொள்ளும். ஆறாம் ஜெனரேஷன் ஒபிஸ் பெட்டி என்றால் 2133. இன்டெலின் பி வரிசை போர்டுகளில் மெமரி ஓவர்க்ளொக் திறந்துவிடப்பட்டது 2021இல் பி560 வந்த பிறகுதான். ஆனா கடையில் யாரும், "தம்பி, உங்க போர்ட் என்னா?" என்று கேட்டுட்டு ரேமை எடுத்துக் கொடுக்கிறதில்லை.

இதை எங்கள் தோட்டத்துப் புலம்பல் என்று ஒதுக்க நினைப்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறோம். அங்கே வாங்கியவர்கள் கோர்சேர், ஜி.ஸ்கில் இரண்டு கம்பனிகள் மேலும் வழக்குப் போட்டார்கள். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் வாங்கி மாட்டியவுடன் வரும் வேகம் மாதிரி விளம்பரம் செய்யப்படுது, அது ஓவர்க்ளொக் வேகம் என்று தெளிவாகச் சொல்லவில்லை என்பதுதான் முறைப்பாடு. கோர்சேர் 55 இலட்சம் டொலருக்கும் ஜி.ஸ்கில் 24 இலட்சம் டொலருக்கும் சமரசத்துக்கு வந்தார்கள், குற்றத்தை ஒத்துக்கொள்ளாமலே. அந்த வழக்குகளில் டி.டி.ஆர்.4க்கு 2133க்கு மேலே, டி.டி.ஆர்.5க்கு 4800க்கு மேலே எழுதி விற்ற கிட்கள் கணக்கில் வந்தன. அந்தக் காசில் தெரணியகலைக்கு ஒரு சதமும் வராது. ஆனா நாம கேட்பது நியாயமான கேள்வி என்பதற்கு அது போதும்.

இப்போ அந்த எண் உண்மையிலேயே உங்க போர்டில் வருது என்றே வைத்துக்கொள்வோம். அப்பவும் பாதிக் கதைதான் முடிஞ்சிருக்கு. மீதிப் பாதி, பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் 16-18-18-38 என்ற வரி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் இதில் சின்ன எண்தான் நல்லது. சின்ன எண்ணை எப்படிக் கொட்டை எழுத்தில் போட்டு விற்பது?

தோட்டத்துக் கடையை நினைச்சுக்கொள்ளுங்க. நீங்க அரிசி கேட்கிறீங்க. அரிசி மூட்டை ஏற்கெனவே அவிழ்ந்து கிடந்தா முதலாளி அளந்து கொடுத்தா போதும். அந்த அளக்கும் நேரம்தான் முதல் எண், சி.எல். மூட்டை கட்டியே இருந்தா, முதலில் இறக்கி அவிழ்க்கணும். அது இரண்டாவது எண். அங்கே மாவு மூட்டை திறந்து கிடந்தா? அதை முதலில் கட்டி வைக்கணும், அது மூன்றாவது. கட்டு, அவிழ், அள என்று மூன்று வேலையும் முடிஞ்ச பிறகுதான் முதல் பிடி அரிசி உங்க பைக்கு வரும். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 3200 என்பது, அளக்க ஆரம்பிச்ச பிறகு எவ்வளவு சடசட என்று கொட்டும் என்ற கணக்கு மட்டுமே. நாலாவது எண், அவிழ்த்த மூட்டை குறைஞ்சது எவ்வளவு நேரம் திறந்து கிடக்கணும் என்பது. அதைப் பற்றி இப்போதைக்கு மண்டையை உடைக்க வேண்டாம்.

இந்த எண்கள் எல்லாம் துடிப்புக் கணக்கு. நேரமாக மாற்றினால்தான் இரண்டு கிட்டை ஒப்பிட முடியும். சி.எல். எண்ணை 2000ஆல் பெருக்கி, பெட்டி எண்ணால் வகுங்க. நானோசெக்கன் வந்துடும். போனில் இருக்கும் கல்குலேட்டர் போதும். 3200 சி.எல்.16 என்றால் 10. 3600 சி.எல்.18 என்றாலும் 10. 3200 சி.எல்.22 என்ற சாதாரண ஸ்டிக் 13.75. 2666 சி.எல்.19 என்பது 14.25. டி.டி.ஆர்.5க்கு வாங்க. 4800 சி.எல்.40 என்றால் 16.67! 6000 சி.எல்.30 திரும்ப அதே 10. அதே 6000ஐ சி.எல்.40 என்று விலை குறைச்சு விற்கிறானே, அது 13.33.

சிரிப்பு வரும் இடம் ஒன்று இருக்கு. இருபது வருஷத்துக்கு முந்தி, முதல் டி.டி.ஆர். காலத்தில் 400 சி.எல்.2 என்று ஒரு ஸ்டிக் இருந்தது. அதையும் வகுத்துப் பாருங்க, 10 நானோசெக்கன். 400இல் இருந்து 6000 வரைக்கும் வந்து, பெட்டி மேல எண் 15 மடங்கு ஏறி, கடைக்காரர் அளக்க எடுக்கும் நேரம் அங்கேயே நிற்குது. கொட்டும் வேகம் ஏறியது உண்மை. காத்திருக்கும் நேரம் இறங்கவில்லை என்பதும் உண்மை. ஒவ்வொரு தலைமுறைக்கும் "இரட்டிப்பு வேகம்" என்று விளம்பரம் போட்டவர்கள் இரண்டாவதைச் சொன்னதே இல்லை.

இந்த 10 நானோசெக்கன் கணக்கையும் முழுசா நம்ப வேண்டாம். முதல் எண் மட்டும்தானே அதில் வருது. சந்தையில் பரவலா இருக்கும் இரண்டு கிட்: 3200 16-18-18, 3600 18-22-22. சி.எல். கணக்கில் இரண்டும் சமம். ஆனா மூட்டை கட்டி, அவிழ்த்து, அளக்கும் மொத்த வேலையைக் கூட்டிப் பாருங்க. முதலாவதுக்கு 52 துடிப்பு, 32.5 நானோசெக்கன். இரண்டாவதுக்கு 62 துடிப்பு, 34.4. பெரிய எண் போட்டவன் இங்கே பின்னாடி நிற்கிறான், விலை மட்டும் முன்னாடி. 3600 என்பதற்காகக் கூடக் காசு கொடுத்தவன் வாங்கியது கொட்டும் வேகத்தை. அது அவனுக்குத் தேவையா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, இதைத்தான் யூடியூப் ரிவியூக்கள் மழுப்புகின்றன. தனி கிராபிக்ஸ் கார்ட் போட்ட மெஷினில் கேம் ஓடும்போது சிப் அங்கொன்று இங்கொன்று என்று சின்னச் சின்னத் துண்டாக டேட்டா கேட்கும். அங்கே காத்திருக்கும் நேரம்தான் உறுத்தும். ஆனா 5600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் சிப்புக்கு அரிசி மூட்டை மூட்டையா வேணும். திரையில் விழும் படம் முழுக்க இதே ரேமிலிருந்துதான் போகணும். அங்கே கொட்டும் வேகம் பேசும். அதாவது, நம்மில் கார்ட் வாங்க முடியாதவர்களுக்குத்தான் உண்மையில் வேகமான ரேம் அதிகமாகத் தேவைப்படுது. வசதியான வீட்டுப் பையன் பெரிய கார்டோடு, பெரிய கேஷ் இருக்கும் சிப்போடு, கலர் லைட் அடிக்கும் 7200 ரேம் போடுவான். அவனுக்கு அதில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. அவனுக்காக எடுத்த வீடியோவைப் பார்த்துட்டு நாங்கள் தவறான இடத்தில் மிச்சம் பிடிக்கிறோம்: பெரிய எண் போட்ட ஒற்றை 16 ஜிபி ஸ்டிக்கை வாங்கி, "இன்னொன்று அப்புறமா" என்று விட்டுவிடுறோம்.

அந்த ஒற்றை ஸ்டிக் எங்களுக்கு ஆத்திரம் வரவைக்கும் விஷயம். 3200 ஸ்டிக் ஒன்று தனியா ஒரு செக்கனுக்கு 25.6 ஜிகாபைட் கொட்டும். இரண்டு ஸ்டிக் இரண்டு சேனலில் போட்டால் 51.2. இரட்டிப்பு! 3200இல் இருந்து 3600க்கு ஏறினால் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு கூடுதல். ஒரு கையால் கொழுந்து பறிச்சுட்டு, "வேகமா பறிக்கிறேன்" என்று சொல்லும் ஆளை அம்மா என்ன சொல்லும்? 16 ஜிபி ஒன்று வாங்கும் காசில் 8 ஜிபி இரண்டை, சாதாரண 3200 என்றாலும், சரியான இரண்டு துளையில் சொருகுங்க. போர்டில் நாலு துளை இருந்தா பொதுவா சிப்பிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். போர்ட் புத்தகத்தைப் பார்த்து உறுதி பண்ணிக்கொள்ளுங்க. ஐ5-8400காரர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் எல்லையைத் தாண்ட முடியாது, ஆனா இரண்டாவது ஸ்டிக்கை யாரும் தடுக்கவில்லை.

ரைசன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அந்தச் சிப்புக்குள்ளே பாகங்களை இணைக்கும் பாதையும் மெமரியின் கடிகாரத்தோடு சேர்ந்து நடக்கும். 2019இல் வந்த ரைசன் 3000 வரிசையில் 3600, நல்ல சிப்பாக இருந்தால் 3733 வரைக்கும், இரண்டும் ஒரே அடியில் நடக்கும். அதற்கு மேலே 4000, 4400 என்று போனால் சிப்புக்குள் இருக்கும் மெமரி கட்டுப்பாட்டுப் பகுதி பாதி வேகத்துக்கு இறங்கிடும். பெட்டி எண் ஏறுது, காத்திருக்கும் நேரமும் கூடுது. பதினோராம் ஜெனரேஷனில் இன்டெலும் கியர் 1, கியர் 2 என்று இதே வழிக்கு வந்தது. இப்போதைய ஏ.எம்.5 போர்டுகளில் 6000 சி.எல்.30ஐ எல்லாரும் பரிந்துரைப்பதற்கும் காரணம் இதுதான். 8000 ஸ்டிக் வாங்கி மாட்டுபவர்களில் பலபேர் அந்த 6000காரனுக்குப் பின்னாடி நிற்பார்கள், படம் பிடிச்சு ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டு.

இதையெல்லாம் இப்போ இவ்வளவு சூடா எழுதக் காரணம் விலை. 2022இல் 200 ரூபா இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தாண்டியபோது கொம்பியூட்டர் சாமான் என்னா ஆச்சு என்று மறந்திருக்க மாட்டீங்க. 2024 ஜனவரியில் வற் 18 சதவீதம். அதிலிருந்து மூச்சு விடும்போது 2025 கடைசியில் உலகம் முழுக்க மெமரி விலையே மடங்குக் கணக்கில் ஏறிடுச்சு. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் சிப்பை மொத்தமா வாரிக்கொண்டு போகின்றன. ஒக்டோபரில் ஓப்பன்ஏஐ, சாம்சங்கோடும் எஸ்.கே. ஹைனிக்ஸோடும் மாசத்துக்கு 9 இலட்சம் வேஃபர் வரை என்று பேசி வைத்தது. டிசம்பர் 3ஆம் திகதி மைக்ரோன் கம்பனி, நம்ம மாதிரி ஆட்கள் நம்பி வாங்கிய குருஷியல் பெயரையே மூடப்போகிறோம் என்று அறிவித்தது. பெரிய வாடிக்கையாளருக்குச் சிப் போதவில்லையாம். சின்ன வாடிக்கையாளர் நாம வெளியே. இந்த நேரத்தில் வேலைக்காகாத எண்ணுக்குக் காசு கொடுப்பதை விளையாட்டுப் பிள்ளை வேலை என்று சிரிச்சுக் கடக்க முடியாது.

இன்னொரு பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓவர்க்ளொக் எதுக்கு? வேர்ட், எக்ஸெல் படிச்சா போதாதா?" என்று கேட்கும் பெரியவர்கள் நம்ம ஆட்களிலேயே இருக்கிறார்கள். ஓவர்க்ளொக் பணக்காரர் பொழுதுபோக்கு என்ற நினைப்பு அது. உண்மையில் அது காசில்லாதவன் கண்டுபிடிச்ச வேலை. 1998 ஆகஸ்டில் இன்டெல் செலரோன் 300ஏ என்று 149 டொலருக்கு ஒரு சிப் விட்டது. அதே நேரம் பென்டியம் 2 450 விலை 669 டொலர். மாணவர்களும் சின்னக் கடைக்காரர்களும் போர்டில் 66ஐ 100 ஆக்கினார்கள், 149 டொலர் சிப் 450இல் ஓடியது, பெரும்பாலான வேலைகளில் அந்த 669 டொலர் சிப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. கொடுத்த காசுக்கு உள்ளே மறைச்சு வைத்ததை எடுத்துக்கொள்வதுதான் ஓவர்க்ளொக். அதைத் திரும்ப விலை ஏற்றி, லைட் போட்டு, பெட்டிக்குள் அடைச்சு எங்களுக்கே விற்கிறவர்களோடுதான் எங்கள் சண்டை.

அதனால் செய்யுங்க. எக்ஸ்.எம்.பி. இருந்தா ஒன் பண்ணுங்க, அதற்கு ஒரு ரூபா செலவில்லை. போர்ட் இடம் கொடுத்தா டைமிங்கைக் கையால் இறக்கிப் பாருங்க, ஒரு தடவைக்கு ஒரு எண், ஒரே ஒரு படி. 1.35 வோல்ட் வரை டி.டி.ஆர்.4 எக்ஸ்.எம்.பி. கிட்டுக்குப் பழக்கமான இடம். அதற்கு மேலே போவதற்கு முன் உங்க ரூமை ஒருக்கா பாருங்க. தகரக் கூரைக்குக் கீழே பகல் இரண்டு மணி வெயிலை எந்த ரிவியூவிலும் யாரும் சோதிக்கவில்லை. ரேமின் ஒவ்வொரு செல்லும் ஓட்டைச் சிரட்டை மாதிரி. ஊற்றிய பால் ஒழுகிக்கொண்டே இருக்கும், 64 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா திரும்ப நிரப்பினால்தான் நிற்கும். சூடு ஏற ஏற ஓட்டை பெருசாகும். ராத்திரி மழையில் பாஸான செட்டிங் பங்குனி வெயிலில் விழும். (இடி இறங்கும் நாட்களில் பிளக்கைக் கழட்டுங்க. சப்ரகமுவவில் இருக்கிறவங்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை, ஆனா சொல்லி வைக்கிறோம்.)

ரேம் தவறும்போது சத்தம் போட்டுத் தவறாது. விண்டோஸ் எழும், கேம் ஓடும், ஆனா நீங்க சேவ் பண்ணும் பைலுக்குள் ஒரு பிட் மாறிப்போயிருக்கும். அதே மெஷினில்தான் தங்கச்சியோட ஏ.எல். புரொஜெக்டும் இருக்கு என்பதை ஞாபகம் வைங்க. மெம்டெஸ்ட்86ஐ ஒரு பென் டிரைவில் போட்டு, நாலு சுத்து முடியும்வரை ஓட விடுங்க. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தச் செட்டிங் செல்லாது, ஒரு படி பின்னுக்கு வாங்க. கரண்ட் நடுவில் போனா முதலில் இருந்து. மெஷின் எழும்பவே இல்லை என்றால் பயப்படாதீங்க, பிளக்கைக் கழட்டி, போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரியைக் கொஞ்ச நேரம் எடுத்து வைத்தால் பழைய செட்டிங்குக்கு வந்துடும்.

புதுசா வாங்கப் போறவங்க கடையில் போய், "எத்தனை மெகாஹெர்ட்ஸ்?" என்று கேட்பதை நிறுத்துங்க. பெட்டியைத் திருப்புங்க, நாலு எண்ணையும் படிங்க, போனில் வகுத்துப் பாருங்க. உங்க போர்ட் பெயரைச் சொல்லி அதில் இது எந்த எண்ணில் ஓடும் என்று கேளுங்க. பில்லில் டைமிங்கையும் எழுதச் சொல்லுங்க. முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் என்ற இடத்தில் மெமரியைத் தொட்டா, வலது பக்கம் கீழே ஸ்பீட் என்று ஒரு எண் இருக்கும். அந்த எண், பெட்டியில் இருந்த எண், உங்க போர்ட் பெயர் மூன்றையும் எங்களுக்கு அனுப்புங்க. எந்தப் போர்டில் எந்தக் கிட் எவ்வளவில் நிற்குது என்று ஒரு பட்டியல் தமிழில் போடப் போறோம். உங்க பெயர் வராது, கடைப் பெயரும் வராது, எண்கள் மட்டும் வரும்.